கேசட் தீர்ந்த இடத்தில் முடிந்த படம்

எங்களிடம் இருந்த வீடியோ கேசட்டில் ‘தி மப்பெட் மூவி’ என்ற பாவைப் படம் ஒரு பூதாகாரமான தலையோடு முடிந்துவிடும். ஆளரவமற்ற பழைய நகரம் ஒன்றில் வில்லனும் அவனுடைய அடியாட்களும் துப்பாக்கியோடு ஒரு பக்கம் நிற்க, எதிரே பச்சைத் தவளை கெர்மிட் தன்னந்தனியாக நிற்பான். ஏதோ மாத்திரையை விழுங்கிவிட்ட டிரம்ஸ்காரன் அனிமல் கட்டடத்தின் கூரையைப் பிய்த்துக்கொண்டு மலையளவு தலையை வெளியே நீட்டி உறுமுவான். வில்லன் கூட்டம் தலைதெறிக்க ஓடும். அத்தோடு திரையில் வெள்ளைப் புள்ளிகள் பொரியத் தொடங்கிவிடும். யாரோ தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்து கொடுத்த கேசட் அது. படத்தின் நீளத்துக்கு நாடா போதவில்லை என்பது எனக்கும் அண்ணனுக்கும் தெரியாது. ஹாலிவுட் போய்ச் சேர்ந்தார்களா இல்லையா என்பதைப் பார்ப்பவர்களின் கற்பனைக்கே விட்டுவிட்டார்கள் என்று அண்ணன் எனக்கு விளக்கம் வேறு சொல்லியிருந்தான். எனக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது.

சென்ற வாரம், இந்தப் படத்தின் மீது தீராத பற்று வைத்திருக்கும் நான்கு பேர் ஒன்றாக உட்கார்ந்து அதை மறுபடி பார்த்தோம். நான், அண்ணன், கல்லூரிக் காலத்துத் தோழி ஒருத்தி, என்னோடு பணிபுரியும் மூத்தவர் ஒருவர். அவரை நாங்கள் எல்லோரும் ‘சார்’ என்றே அழைப்போம். படத்தைப் போடுவதற்கு முன்னால் அவரவர் நினைவில் தங்கியிருப்பதைச் சொல்லிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. சொல்லத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே, நால்வரும் பார்த்தது ஒரே படம்தானா என்ற ஐயம் வந்துவிட்டது. தோழிக்கு அது ஒரு பயங்கரப் படம். கெர்மிட்டை நாற்காலியில் கட்டி, மூளையைக் கலக்கும் இயந்திரம் ஒன்றை அவன் தலையில் மாட்டும் காட்சியைத் தவிர அவளுக்குப் பெரிதாக எதுவும் நினைவில் இல்லை. சாருக்கு அது பாலைவனத்தில் கழியும் ஓர் இரவு. அண்ணனுக்கோ அது முழுக்க முழுக்கக் கார்களைப் பற்றிய படம். பழைய கார் விற்கும் இடத்திலிருந்து ஒரு ராட்சத முடிக்காரன் கெர்மிட்டின் காரைத் துரத்திக்கொண்டு ஓடுவானே, அவன் கடைசியில் என்ன ஆனான் என்பதுதான் அவனுடைய ஒரே கேள்வி. ஸ்வீட்டம்ஸ் என்ற அந்தப் பாத்திரத்துக்கு என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரியும். கல்லூரி நாட்களில் முழுப் படத்தையும் பார்த்துவிட்டேன். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை.

நினைவுகள் இப்படி ஆளுக்கு ஆள் மாறுவதைப் படமே முதல் காட்சியில் ஒப்புக்கொண்டுவிடுகிறது. பாவைகள் எல்லாம் ஒரு சிறிய திரையரங்கில் கூடித் தங்கள் கதையைத் தாங்களே பார்க்க உட்காருகின்றன. நாம் எல்லோரும் ஒன்று சேர்ந்தது உண்மையில் இப்படித்தானா என்று குட்டித் தவளை ராபின் கேட்கிறான். ஏறத்தாழ இப்படித்தான் என்று கெர்மிட் பதில் சொல்கிறான். (ராபின் கெர்மிட்டுக்கு அண்ணன் மகனா, அக்கா மகனா என்பதை ஆங்கிலம் பிரித்துச் சொல்வதில்லை. ஆகவே கெர்மிட் அவனுக்குச் சித்தப்பாவா, மாமாவா என்ற வழக்கு எங்களுக்குள் தீரவே இல்லை.) அந்த ‘ஏறத்தாழ’ என்ற சொல்லை நாங்கள் அன்று மாலை முழுவதும் பயன்படுத்தினோம்.

கதை சிறியதுதான். சதுப்பு நிலத்தில் மரக்கட்டை மேல் உட்கார்ந்து பாஞ்சோ வாசித்துப் பாடிக்கொண்டிருக்கும் தவளையை, வழி தவறிப் படகில் வந்த சினிமா ஏஜென்ட் ஒருவர் பார்க்கிறார். ஹாலிவுட்டுக்குப் போனால் லட்சக்கணக்கானவர்களை மகிழ்விக்கலாம் என்கிறார். தவளை சைக்கிளில் கிளம்புகிறது. போகும் வழியில் ஃபாசி என்ற கரடி, என்ன பிராணி என்றே தெரியாத கான்சோ, மிஸ் பிக்கி என்ற பன்றி, அனிமல் வாசிக்கும் இசைக்குழு என்று ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்கிறார்கள். தவளைக்கால் வறுத்து விற்கும் உணவகங்களை நடத்தும் டாக் ஹாப்பர், கெர்மிட்டையே தன் விளம்பரத்துக்கு முகமாக்கத் துரத்துகிறான். ஒரு தவளையைத் தவளைக்கால் விற்கச் சொல்வதில் உள்ள கொடூரம் சின்ன வயதில் எங்களுக்கு உறைக்கவே இல்லை. அவன் துரத்துகிறான், ஆகவே கெட்டவன், அவ்வளவுதான்.

ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த வயதில் பார்த்ததில் ஒரு நன்மையும் இருந்தது. சாலை இரண்டாகப் பிரியும் இடத்தை ஆங்கிலத்தில் ‘ஃபோர்க்’ என்பார்கள். அங்கே இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்று படத்தில் பேசிக்கொள்ளும்போதே, சாலையில் ஒரு பெரிய முள்கரண்டி நட்டுக்குத்தலாக நிற்கும். அது சிலேடை என்பது எங்களுக்குத் தெரியாது. கரடி கார் ஓட்டும் ஊரில் முள்கரண்டி கைகாட்டி மரமாக நிற்பதில் என்ன வியப்பு என்று விட்டுவிட்டோம். வழி தவறிவிட்டேன் என்று யாராவது சொல்லும்போதெல்லாம், ‘ஹரே கிருஷ்ணா’ முயன்று பார்த்தீர்களா என்று மற்றவர் கேட்கும் நகைச்சுவை ஒன்று படம் நெடுகத் திரும்பத் திரும்ப வரும். எழுபதுகளில் மன அமைதி தேடி அலைந்த அமெரிக்க இளைஞர்களைப் பற்றிய கேலி அது. எங்களுக்கு அந்த இரண்டு சொற்கள் மட்டும் தெளிவாகக் கேட்டன; கெர்மிட் கடவுள் பக்தி உள்ளவன் என்று முடிவு கட்டியிருந்தோம்.

படத்தின் நடுவில் ஓரிடத்தில், பாவைகள் பார்த்துக்கொண்டிருக்கும் படச்சுருளே அறுந்து எரிந்து திரை வெளுத்துப்போகும். புரொஜக்டரை ஓட்டிக்கொண்டிருப்பவர் சமையற்காரர் என்பதால் வரும் வினை அது. முதல் தடவை அந்தக் காட்சி வந்தபோது கேசட்தான் கெட்டுவிட்டது என்று எண்ணி அண்ணன் எழுந்து போய் வீசிஆரின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். சற்று நேரத்தில் படம் மறுபடி ஓடத் தொடங்கியது. தன் தட்டினால்தான் சரியானது என்று அவன் நீண்ட காலம் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அந்த இடத்தில் எழுந்து போய்த் தட்டுவான், ஒவ்வொரு முறையும் பலித்தது.

கெர்மிட் எப்படிச் சைக்கிள் ஓட்டினான் என்று எங்களில் ஒருவருக்கும் சின்ன வயதில் கேட்கத் தோன்றவில்லை என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 1979-இல் வெளிவந்த அந்தப் படத்தைப் பெரியவர்கள் பார்த்தபோது அவர்களை வாய்பிளக்க வைத்தது அந்தக் காட்சிதான். கைக்குள் மாட்டிக்கொள்ளும் பாவைக்கு இடுப்புக்குக் கீழே எப்போதும் ஏதாவது ஒரு சுவரோ மேசையோ மறைப்பாக இருந்தாக வேண்டும். இங்கே அது கால்களோடு, திறந்த வெளியில், பெடல் மிதித்துக்கொண்டு போகிறது. நூலில் தொங்கும் பாவையாக அதை மாற்றி, மேலிருந்து நூல் தெரியாதபடி இயக்கினார்கள் என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். சிறுவர்களுக்கோ, தவளைக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பது அதற்குப் பேசத் தெரியும் என்பதைவிடப் பெரிய அதிசயம் இல்லை.

சதுப்பு நிலக் காட்சியின் இரகசியம் சைக்கிளைவிட என்னை அதிகம் தொந்தரவு செய்தது. கெர்மிட்டை உருவாக்கியவரும் இயக்கியவரும் குரல் கொடுத்தவரும் ஜிம் ஹென்சன்தான். 1955-இல் தன் தாயாரின் பழைய கோட்டு ஒன்றை வெட்டி, பிங்பாங் பந்தை இரண்டாகப் பிளந்து கண்களாக ஒட்டிச் செய்த பாவையிலிருந்து வந்தவன் கெர்மிட். அப்போது அவன் தவளைகூட இல்லை, பெயர் தெரியாத ஏதோ ஒரு பிராணி. படத்தின் முதல் பாட்டில் அந்தத் தவளை மரக்கட்டை மேல் நிம்மதியாக உட்கார்ந்து வானவில்லைப் பற்றிப் பாடும்போது, ஆறடிக்கு மேல் உயரமுள்ள ஹென்சன் தண்ணீருக்கு அடியில், உலோகத் தொட்டி ஒன்றுக்குள் உடலைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூச்சுவிடக் குழாய் வழியாகக் காற்று. மேலே தவளைக்குள் கையை நுழைக்க ரப்பர் உறை. தான் செய்வதைத் தானே பார்த்துக்கொள்ள ஒரு சிறிய மானிட்டர். பால் வில்லியம்ஸும் கென்னத் ஆஷரும் எழுதிய அந்தப் பாட்டு ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. இத்தனையும் தெரிந்த பிறகு அந்தப் பாட்டைக் கேட்டால் மயக்கம் கலைந்துவிடும் என்று பயந்தேன். கலையவில்லை. இப்போது அந்தக் காட்சியில் எனக்கு இருவர் தெரிகிறார்கள். மேலே இருப்பவனுக்குக் கீழே இருப்பவரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அண்ணனுக்குப் பிடித்த கார் விஷயமும் இதைப் போன்றதுதான். கரடி ஃபாசி ஓட்டும் கார் 1951-ஆம் ஆண்டின் ஸ்டூட்பேக்கர் கமாண்டர். முன்பக்கம் துப்பாக்கிக் குண்டு போன்ற கூரான மூக்கு கொண்டது. கரடியை இயக்கும் ஃபிராங்க் ஆஸ் முன் இருக்கையின் கீழே படுத்திருக்க, காரை உண்மையில் ஓட்டியவர் பின்புற டிக்கிக்குள் ஒளிந்திருந்தார். கார் மூக்கில் பொருத்திய கேமரா காட்டும் சாலையைத் தொலைக்காட்சித் திரையில் பார்த்துப் பார்த்து ஓட்டினார். இதை நான் சொன்னபோது அண்ணன் படத்தை நிறுத்தச் சொல்லி, அந்தக் காட்சியை மூன்று முறை திருப்பிப் போட வைத்தான்.

இந்தக் கலையின் கடினம் எனக்குப் புரிந்தது புத்தகம் படித்து அல்ல, ஒரு காலுறையினால். பதினாறு, பதினேழு வயதிருக்கும்போது அண்ணனின் பழைய காலுறை ஒன்றில் இரண்டு பொத்தான்களைத் தைத்து, கண்ணாடி முன் நின்று பேச வைத்துப் பார்த்தேன். முதலில் தெரிந்துகொண்டது, மேல் தாடையை அசைக்கக் கூடாது என்பது. நான்கு விரல்களையும் தூக்கினால் பாவை ஒவ்வொரு சொல்லுக்கும் அண்ணாந்து கூரையைப் பார்க்கிறது. கட்டைவிரலை மட்டும் கீழே இறக்க வேண்டும், அதாவது நாம் பேசும்போது கீழ்த்தாடை இறங்குவதைப் போல. அடுத்ததாக, ஓர் அசைக்கு ஒரு முறை மட்டுமே வாய் திறக்க வேண்டும். ஆங்கிலப் படத்தைப் பார்த்து இதைப் பழகியவன் தமிழில் பேச வைத்தபோது நம் எழுத்துகள் எவ்வளவு உதவுகின்றன என்று கண்டு வியந்துபோனேன். குறிலுக்குக் கொஞ்சமாகத் திற, நெடிலுக்கு அகலத் திறந்து ஒரு கணம் வை, மெய்யெழுத்துக்கு மூடு. ‘அம்மா’ என்றால் சிறிய திறப்பு, மூடல், பெரிய திறப்பு. அவ்வளவுதான், காலுறை தமிழ் பேசிவிட்டது. மாத்திரைக் கணக்கைப் பள்ளியில் படித்தபோது எதற்கென்று தெரியவில்லை; காலுறைக்காக என்று பிறகு தெரிந்தது.

கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மூன்று நிமிடம் நிற்க என்னால் முடியவில்லை. தோள் கழன்றுவிடும் போலிருந்தது. அவர்களோ அப்படியே நின்று பாடி, நடித்து, ஆட்டம் போட்டு, அதுவும் மானிட்டரில் இடம் வலமாகத் தெரியும் குழப்பத்தோடு செய்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் வலக்கையைத் தலைக்குள் நுழைத்து, இடக்கையால் பாவையின் கைகளை இயக்குவதால், அந்தப் பாவைகளில் பெரும்பாலானவை இடக்கைப் பழக்கம் உள்ளவை என்பது தனிச் சுவை. ‘கைப்பாவை’ என்ற சொல்லை நாம் ஒருவரை இழிவுபடுத்தத்தான் பயன்படுத்துகிறோம். கெர்மிட்டைப் பார்த்த பிறகு அந்த வசவில் எனக்கு உடன்பாடு குறைந்துவிட்டது.

கெர்மிட்டின் முகத்துக்குள் இயந்திரம் எதுவும் கிடையாது. வெறும் துணி, அதற்குள் ஒரு கை. விரல்களைச் சற்றே மடக்கினால் உதடு உள்ளே சுருங்கி, வேண்டாத செய்தியைக் கேட்ட முகம் வந்துவிடும். கண்ணின் கருமணிகளை எங்கே வைப்பது என்பதில் ஹென்சனோடு பணிபுரிந்த டான் சாலின் மிகக் கவனமாக இருந்தார். மூக்கை நோக்கி மிகச் சிறிதளவு நெருங்கியிருக்கும்படி வைத்தால்தான் பாவை எதையோ உற்றுப் பார்ப்பது போலிருக்கும், இல்லையென்றால் வெறித்த பார்வைதான். ஆகவே பாவை அசையும்போது நம்மை ஏமாற்றுவதைவிட, அசையாமல் இருக்கும்போது அதிகம் ஏமாற்றுகிறது. சாருக்குப் பிடித்த பாலைவன இரவு இதற்குச் சான்று. கார் பழுதாகி நடுவழியில் நின்றுவிட்டது; ஹாலிவுட்டில் நடக்கும் தேர்வுக்கு நேரத்தில் போய்ச் சேர முடியாது; எல்லோரும் தீயைச் சுற்றிச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னொரு காட்சியில் பலூன் கொத்தைப் பிடித்துக்கொண்டு வானத்தில் பறந்த கான்சோ, அங்கே திரும்பிப் போக வேண்டும் என்று மெதுவாகப் பாடுகிறான். கோமாளி என்று நாம் எண்ணியிருந்தவன். தந்தை இறந்த ஆண்டில் இதைத் தற்செயலாகப் பார்த்ததாகவும், அன்றிலிருந்து இந்தப் பாட்டு வரும்போது அறையை விட்டு எழுந்து போய்விடுவது வழக்கம் என்றும் சார் சொன்னார். அன்று எழுந்து போகவில்லை.

கான்சோ வேற்றுக்கிரகவாசி என்று 1999-இல் வந்த மற்றொரு மப்பெட் படம் விளக்கிவிட்டதைப் பற்றிப் பேச்சு வந்தது. சாருக்கு அதில் கடும் கோபம். “எங்கிருந்து வந்தான்னு சொல்லாம விட்டதுதான் அழகு. அட்ரஸ் கொடுத்த பிறகு அது ஏக்கம் இல்லை, பயணத் திட்டம்,” என்றார். நானும் அவர் பக்கம்தான்.

தோழியின் பயங்கரக் காட்சி வந்தபோது அவள் தலையணையைக் கட்டிக்கொண்டாள். நாற்காலி, இயந்திரம், பித்துப் பிடித்த பேராசிரியர் எல்லாம் அவள் சொன்னபடியே இருந்தன. ஆனால் அடுத்து நடப்பதை அவள் முழுக்க மறந்திருந்தாள். கட்டிப்போடப்பட்டிருக்கும் மிஸ் பிக்கி வெறி பிடித்துக் கட்டை அறுத்துக்கொண்டு அங்கிருக்கும் ஆண்கள் அத்தனை பேரையும் புரட்டி எடுத்து கெர்மிட்டைக் காப்பாற்றுகிறாள். உடனே தொலைபேசி மணி அடிக்கிறது. அவளுடைய ஏஜென்ட் ஒரு விளம்பர வாய்ப்பு இருப்பதாகச் சொல்ல, காதலனை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிப் போய்விடுகிறாள். தோழி சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையில் தூங்கியவர்கள் எழுந்துவிட்டார்கள். பயத்தை மட்டும் இத்தனை ஆண்டுகள் பத்திரமாக வைத்துக்கொண்டு, அதற்கு மருந்தைத் தொலைத்துவிட்டிருக்கிறேனே என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

ஊர்ச் சந்தை அழகிப் போட்டிக் காட்சியில் ஒரு முதியவர் மரப்பொம்மையோடு சில கணங்கள் வந்து போவார். அவர் எட்கர் பெர்கன். உதடு அசையாமல் பொம்மையைப் பேச வைப்பதில் புகழ்பெற்றவர், அதுவும் உதடு அசைகிறதா என்று யாரும் பார்க்க முடியாத வானொலியில். ஹென்சனுக்கு அவர் ஆதர்சம். படம் வெளிவருவதற்கு முன் 1978 செப்டம்பரில் அவர் காலமாகிவிட, படத்தை அவருடைய நினைவுக்கே காணிக்கையாக்கினார்கள். அந்த வரி எங்கள் கேசட்டில் இல்லாத பகுதியில் இருந்தது. ஹென்சனும் 1990 மே மாதம், தம் 53-ஆம் வயதில் போய்விட்டார். அதன் பிறகு வேறு இருவர் கெர்மிட்டுக்குக் கையும் குரலும் கொடுத்திருக்கிறார்கள். இருவரும் திறமைசாலிகள், இருந்தாலும் ஒரு பழைய நண்பர் தொலைபேசியில் சளிப் பிடித்த குரலில் பேசுவது போல எனக்குத் தோன்றுவதைத் தவிர்க்க முடியவில்லை.

அனிமலின் ராட்சதத் தலை வந்தது. வில்லன் ஓடினான். வெள்ளைப் புள்ளிகள் வரவில்லை. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பேசாமல் பார் என்று சைகை செய்தேன். ஹாலிவுட் வந்தது. பெரிய தயாரிப்பாளராக நடிக்கும் இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் ஒரே வாக்கியத்தில் இவர்களுக்குப் பணமும் புகழும் தரும் ஒப்பந்தத்தைக் கொடுத்துவிட்டார். தங்கள் கதையையே இவர்கள் அட்டைக் காட்சியமைப்புகளோடு படமெடுக்கத் தொடங்க, எல்லாம் சரிந்து விழுந்து, வெடித்து, கூரையில் ஓட்டை விழுந்து, அந்த ஓட்டை வழியாக ஓர் உண்மையான வானவில் இறங்கி அவர்கள் மேல் விழுந்தது. 250-க்கும் மேற்பட்ட பாவைகள் ஒரே சட்டகத்தில் நின்று பாடின. அவற்றுக்குக் கீழே பெரிய குழி ஒன்றில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கைகளைத் தூக்கிக்கொண்டு நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்பதுதான் அந்தக் கடைசிப் பாட்டின் பொருள். “நான் சொன்னேனா இல்லையா,” என்றான் அண்ணன்.

அவன் சொல்லி முடிப்பதற்குள், பாவைகள் படம் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சிறிய அரங்கின் திரையையே கிழித்துக்கொண்டு ஸ்வீட்டம்ஸ் வெளியே வந்து விழுந்தான். கார் கடையிலிருந்து புறப்பட்டவன், ஓடி ஓடி, ஒருவழியாக அவர்களை வந்து பிடித்துவிட்டான். அண்ணன் எழுந்தே நின்றுவிட்டான். சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, “இவன் வந்துட்டானா,” என்று மட்டும் கேட்டான். வந்துவிட்டான் என்றேன்.

பெயர்கள் ஓடி முடியும் வரை யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசிப் பெயரும் போன பிறகு அனிமல் தலையை நீட்டி, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்று எங்களைப் பார்த்துக் கத்தினான். சார் செருப்பைத் தேடினார். அண்ணன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் பழக்கதோஷத்தில் தொலைக்காட்சியின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.